கொள்கை, காப்பகம், கோப்பு: எட்டு வாரப் பயிற்சிக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

சமூகப் பணி முதுகலையில் முதலாண்டை முடிக்கப்போகும் மாணவி ஒருவர் எழுதியிருந்தார். கோடைக்கால உள்ளகப் பயிற்சிக்கு அவருக்கு மூன்று இடங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்று, குழந்தைப் பராமரிப்புக் கொள்கைக்காகக் குரல் கொடுக்கும் சென்னைத் தொண்டு நிறுவனம். இரண்டாவது, சொந்த மாவட்டத்திலேயே கட்டடத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பகல்நேரக் காப்பகம் நடத்தும் அமைப்பு. மூன்றாவது, அங்கன்வாடிகளை நிர்வகிக்கும் மாவட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் அலுவலகம். "துறைத் தலைவர் அரசு அலுவலகத்தைச் சொல்கிறார், தோழிகள் சென்னையைச் சொல்கிறார்கள், அம்மா வீட்டுப் பக்கத்தில் இருப்பதைச் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார்.

ஏறக்குறைய இதே கேள்வி ஒவ்வொரு பங்குனியிலும் எனக்கு வந்துவிடுகிறது. தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் இந்த முறை முழுதாகவே எழுதிவிடுகிறேன்.

என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் பயிற்சி மாணவியாகவும் இருந்திருக்கிறேன். பிறகு பல ஆண்டுகள் பயிற்சி மாணவர்களின் வரைவுகளைச் சிவப்பு மையால் கிழித்தும் இருக்கிறேன். என் முதல் பயிற்சியின் ஆறு வாரங்களும் ஒரு கருத்தரங்குக்கான அழைப்பாளர் பட்டியலைத் தட்டச்சு செய்வதில் கழிந்தன. பெரிய பெயருள்ள இடம். சான்றிதழும் கெட்டித் தாளில் அழகாக இருந்தது. அதனால் அமைப்பின் பெயரைக் கேட்டதும் மயங்குவதில்லை என்று அன்றைக்கு எடுத்த முடிவு இந்தக் கட்டுரையிலும் தெரியும்.

## விண்ணப்பிக்கும் முன் ஒரு சொல் குழப்பம்

'குழந்தைப் பராமரிப்பு' என்ற சொல் நம் நாட்டில் இரண்டு வெவ்வேறு உலகங்களைக் குறிக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 'குழந்தைப் பராமரிப்பு நிறுவனம்' என்றால், பெற்றோர் இல்லாத, கைவிடப்பட்ட, மீட்கப்பட்ட பிள்ளைகள் தங்கும் இல்லங்கள். தத்தெடுப்பு, குழந்தைகள் நலக் குழு, போக்சோ வழக்குகள் எல்லாம் அந்தப் பக்கம். நாம் இங்கே பேசுவது வேறு: பெற்றோர் வேலைக்குப் போகும்போது ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையை யார், எங்கே, எந்தச் செலவில் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி. அங்கன்வாடி, ஆலைக் காப்பகம், மகப்பேறு விடுப்பு, பாலூட்டும் இடைவேளை ஆகியவை இந்தப் பக்கம்.

இரண்டும் முக்கியமானவைதான். ஆனால் ஒன்றை நினைத்துக்கொண்டு மற்றொன்றில் போய்ச் சேர்ந்து, மூன்றாம் வாரத்தில் விழித்த மாணவர்களை எனக்குத் தெரியும். அமைப்பின் பெயரில் 'குழந்தை' என்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்; கடந்த ஓராண்டில் அவர்கள் அரசுக்கு அளித்த மனு எதைப் பற்றியது என்று கேளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

நான் ஐந்தைப் பார்ப்பேன். பயிற்சி முடியும்போது உங்கள் கையால் எழுதிய எந்த ஆவணம் மிஞ்சும்? அந்த வரைவை யார் திருத்துவார்? எத்தனை நாள் பிள்ளைகளின் அருகில் இருப்பீர்கள்? கைக்காசு எவ்வளவு கரையும்? நீங்கள் போகும் வாரங்களில் அங்கே உண்மையிலேயே வேலை நடக்குமா?

இவற்றில் இரண்டாவதற்கு மற்ற நான்கையும் சேர்த்த எடை தருவேன். எழுதுவதால் மட்டும் எழுத்து வந்துவிடாது. 'இந்த எண் எங்கிருந்து வந்தது, இந்த வாக்கியத்தை எதிர்த்தரப்பு அதிகாரி படித்தால் என்ன கேட்பார்' என்று ஒருவர் குறுக்கே நின்று கேட்டால்தான் வருகிறது. அப்படிக் கேட்பவர் அங்கே இல்லையென்றால் மாதம் எவ்வளவு உதவித்தொகை கொடுத்தாலும் அது நல்ல பயிற்சி அல்ல.

ஐந்தாவதை மாணவர்கள் யோசிப்பதே இல்லை. அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டில் அங்கன்வாடிகளுக்கும் மே மாதத்தில் 15 நாள் கோடை விடுமுறை விடுகிறார்கள். மே மாதத்தை மட்டும் நம்பிக் களப்பயிற்சித் திட்டம் போட்டால் பாதி மாதம் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். ஏப்ரல் பாதியிலோ ஜூனிலோ சில வாரங்கள் விழும்படி தேதியை நகர்த்த முடியுமா என்று கல்லூரியிடம் இப்போதே கேளுங்கள்.

## முதல் வழி: கொள்கைக்காக வாதாடும் தொண்டு நிறுவனம்

தொண்டு நிறுவன வட்டாரத்தில் இதை 'அட்வகசி' என்றே சொல்கிறார்கள். பெயரைக் கேட்டால் மேடை, ஒலிபெருக்கி, அமைச்சரோடு புகைப்படம் எல்லாம் நினைவுக்கு வரும். நடைமுறையில் பத்தில் ஒன்பது பங்கு வாசிப்பும் கணக்கும்தான். அரசாணைகளை வரிசைப்படுத்துவது, மானியக் கோரிக்கையின்போது சட்டப்பேரவையில் வைக்கப்படும் சமூக நலத் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை முந்தைய ஆண்டுடன் ஒப்பிடுவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது, சட்டமன்ற உறுப்பினர் காரில் ஏறும் முன் படித்து முடிக்கக்கூடிய ஒருபக்கக் குறிப்பு தயாரிப்பது. இதில் ருசி கண்டவர்களுக்கு வேறு வேலை பிடிக்காது. ருசி இல்லாதவர்களுக்கு எட்டு வாரம் எட்டு வருடம்.

எந்த மாதிரிக் கேள்வியை அங்கே பிடித்துக்கொள்ளலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொடக்கத்தில் 50 பெண்களுக்கு மேல் என்றும், 1976 திருத்தத்துக்குப் பிறகு 30 பெண்களுக்கு மேல் என்றும் கணக்குப் போட்டு, அத்தகைய ஆலைகளில் காப்பக அறை கட்டாயம் என்றது. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்தில் 50 பெண்களுக்கு மேல் என்பது கணக்கு. இரண்டு சட்டங்களும் பெண்களை மட்டுமே எண்ணின. விளைவு என்ன? 31ஆவது பெண்ணை வேலைக்கு எடுக்கும் ஆலை முதலாளிக்கு அவர் கூலியோடு ஒரு காப்பகமும் செலவானது. 30 பேரோடு நிறுத்திக்கொள்வது அவருக்கு லாபமாக இருந்தது.

2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் கணக்கை மாற்றியது. ஆண், பெண் சேர்த்து 50 ஊழியர்கள் இருந்தாலே காப்பக வசதி வேண்டும். ஓய்வு இடைவேளையையும் சேர்த்து தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திய அதே திருத்தம்தான். செய்தித்தாள்களில் விடுப்பு பெரிதாக வந்தது, காப்பகம் ஓரத்தில் கிடந்தது.

பிறகு 2025 நவம்பர் 21 அன்று, பழைய தொழிலாளர் சட்டங்கள் பலவற்றின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, 50 தொழிலாளர்களுக்கு மேல் உள்ள இடத்தில் காப்பகம் என்கிறது. இதுவும் ஆண், பெண் சேர்த்த எண்ணிக்கை. கொள்கையளவில் முன்னேற்றம்தான். ஆனால் ஒரு சின்னத் தையல் ஆலையை நினைத்துப் பாருங்கள்: மொத்தம் 45 பேர், அவர்களில் 35 பேர் பெண்கள். பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் அங்கே காப்பகம் கட்டாயம். புதிய எண்ணிக்கையில் அந்த ஆலை பட்டியலுக்கு வெளியே போய்விடுகிறது. உங்கள் மாவட்டத்தில் இப்படி வெளியே விழுபவை எத்தனை, அங்கே வேலை பார்க்கும் பெண்களின் பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள், மாநில விதிகளில் இதற்கு இடம் உண்டா? எட்டு வாரத்தில் ஒரு மாணவி இதைத் தொட்டு, நாலு பக்கத்தில் ஒழுங்காக எழுதிவிட முடியும். அதை வாங்கிப் பயன்படுத்தத் தொழிற்சங்கம், செய்தியாளர், சட்டமன்ற உறுப்பினர் என்று ஆட்களும் இருப்பார்கள்.

கொள்கை அமைப்பின் பெரிய வரவு இதுதான்: உங்கள் எழுத்துக்கு வாசகர் உண்டு. கல்லூரிக் களப்பணி அறிக்கைக்கு மதிப்பெண் மட்டும்தான் உண்டு.

இனி மறைந்திருக்கும் செலவுகள். மாணவர்கள் கேட்காதவை என்பதால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, பலனைக் கண்ணால் பார்க்க மாட்டீர்கள். முன்பள்ளிப் பிள்ளைகளின் வளர்ச்சி பற்றி மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு அறிக்கை தந்தது 1972இல். 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2. அதுவே வேகம் என்றுதான் சொல்ல வேண்டும். உணவு உரிமை வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 2001இல்; அங்கன்வாடிகளை 14 லட்சமாக உயர்த்த வேண்டும் என்ற உத்தரவு வந்தது 2006 டிசம்பரில்; அங்கன்வாடி உணவு சட்டபூர்வ உரிமையாக உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஏறியது 2013இல். பன்னிரண்டு ஆண்டுகள். நடுவில் எத்தனையோ பேர் எட்டெட்டு வாரம் வந்து, அட்டவணை நிரப்பிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்களில் ஒருவராக இருக்க மனம் ஒப்புமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமை மனுவின் நாள்கணக்கு. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. பதில் வரவில்லையென்றால் மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒரு மாதம், சில வேளை ஒன்றரை மாதம். முதல் வாரத்தில் மனு போகவில்லையென்றால் பதில் உங்கள் பயிற்சிக்குள் வராது. இன்னொன்று: மனுவை உங்கள் பெயரிலும் விடுதி முகவரியிலும் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பதில் வரும்போது நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். எதிர்த்தரப்பு எரிச்சல்பட்டால் அமைப்பும் உங்கள் பக்கத்தில் இருக்காது. நிரந்தர ஊழியர் பெயரில் போகட்டும். வரைவை நீங்கள் எழுதுங்கள்.

மூன்றாவது, தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்களுக்கான கண்ணி. ஆவணங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கும். அதனால் அவர்களை இரண்டாம் நாளே மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள், கூலியில்லாத மொழிபெயர்ப்பாளர்! மொழிபெயர்ப்பை நான் இழிவாகச் சொல்லவில்லை. அங்கன்வாடிப் பணியாளர் சங்கமும் ஊராட்சி மன்றமும் படிக்கும் தமிழில் ஒரு கொள்கைக் குறிப்பை எழுதுவது சென்னை அலுவலகங்களில் பலருக்கு வராத வேலை. அதைச் செய்யுங்கள், ஆனால் 'தமிழில் நானே எழுதுகிறேன்' என்று கேட்டு வாங்குங்கள். 'இதைத் தமிழாக்கிக் கொடு' என்பது வேறு வேலை.

நான்காவது, காசு. பல அமைப்புகள் உதவித்தொகை தருவதில்லை; தருபவை போக்குவரத்துச் செலவைத் தருகின்றன. வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளுக்கு, வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் நிர்வாகச் செலவு உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. இறுக்கிப் பிடிக்கும்போது முதலில் வெட்டுப்படும் இடங்களில் பயிற்சி மாணவர் உதவித்தொகையும் ஒன்று. காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அறை வாடகைக்கும் முன்பணத்துக்கும் சாப்பாட்டுக்கும் உங்கள் வீட்டில்தான் கடன் வாங்குவார்கள். இரண்டு மாதச் சென்னைச் செலவைத் தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். தயங்காமல், 'பாதி நாள்கள் ஊரிலிருந்தே செய்யலாமா' என்று கேளுங்கள். ஆவண வேலைக்கு அது முடியும்.

கடைசியாக, அமைப்பை எடைபோட நான் பயன்படுத்தும் ஒரு கேள்வி: 'அங்கன்வாடிப் பணியாளர் ஊதியம் பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன?' 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதுவரை 'மதிப்பூதியம் பெறும் தன்னார்வலர்' என்ற சொல்லுக்குள் அவர்களை அடைத்து வைத்திருந்தோம். பிள்ளையின் மூளை வளர்ச்சி பற்றி மணிக்கணக்கில் பேசிவிட்டு, அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரின் கூலி பற்றி மழுப்புகிற அமைப்பில் பாதிக் கொள்கைதான் கற்றுக்கொள்வீர்கள்.

## இரண்டாம் வழி: காப்பகம் நடத்தும் அமைப்பு

இங்கே வேலை காலை ஏழரைக்குத் தொடங்கும். மேஸ்திரி கூப்பிடும் முன் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் அம்மாவுக்கு அதற்கு மேல் நேரம் இல்லை. அங்கன்வாடி, நம் ஊரில் இன்னும் பலர் சொல்லும் பெயரில் 'பால்வாடி', திறப்பதற்குள் அவர் நாலு சட்டி சாந்து சுமந்திருப்பார். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு அங்கன்வாடி தருவது சத்துமாவும் எடை பார்ப்பதும் தடுப்பூசி நினைவூட்டலும்; நாள் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்வது அல்ல. அந்த இடைவெளியில்தான் காப்பகங்கள் நிற்கின்றன.

மைய அரசின் தேசியக் காப்பகத் திட்ட விதிமுறையில் ஒரு காப்பகத்துக்கு 25 பிள்ளைகளுக்கு மேல் கூடாது, ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்று இருந்தது. தாளில் படிக்கும்போது சரியென்றுதான் தோன்றும். ஒரு நாள் பதினொரு மணிக்கு அங்கே உட்கார்ந்து பாருங்கள். உதவியாளர் அடுப்படியில். ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு பிள்ளைகள் பொம்மைக்குச் சண்டை. வாசலில் மூன்று வயதுக்காரன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நிற்கிறான். பணியாளருக்கு இரண்டே கை. அதைப் பார்த்த பிறகு விகிதம் என்ற சொல்லை நீங்கள் எழுதும் விதமே மாறிவிடும்.

கொள்கை வேலைக்கே இது எவ்வளவு அடிப்படை என்பதற்கு மொபைல் கிரெஷஸ் அமைப்பின் கதையே போதும். 1969இல் தில்லியில் ராஜ்காட் அருகே காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமானம் நடந்தபோது, புழுதியில் கிடந்த தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்து மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கியது அது. பிற்காலத்தில் நாடாளுமன்றம்வரை பேசிய அமைப்பு. ஆனால் தொடக்கம் கூடாரம்.

இங்கே மறைந்திருக்கும் செலவுகள் உடம்பைச் சேர்ந்தவை. முதல் பதினைந்து நாளில் பிள்ளைகளிடமிருந்து சளியும் காய்ச்சலும் உங்களுக்கும் வரும். ஆயா வராத நாளில் நீங்கள்தான் ஆயா. ஒரு நாள் என்றால் பாடம், வாரம் முழுக்க என்றால் சுரண்டல். எழுத்து வேலை மிகக் குறைவாக இருக்கும். அதைத் திருத்தித் தர அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. என் முதன்மை அளவுகோலில் இந்த வழி தோற்பது இந்த இடத்தில்தான். பிள்ளைகளின் படம், பெயர் ஆகியவற்றில் நீங்களே கண்டிப்பாக இருக்க வேண்டும். அறிக்கைக்கு அழகு சேர்க்க ஒரு பிள்ளையின் முகம் தேவையில்லை.

ஈடுகட்ட ஒரு வழி உண்டு. தினமும் மாலையில் ஒரு பக்கம் எழுதுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன், எந்த அம்மா எத்தனை மணிக்கு வந்தார், வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்ட அக்கா யாராவது உண்டா. நாற்பது நாள் முடிந்ததும் அது நாற்பது பக்கச் சான்று. கொள்கை அமைப்புகளில் பலவற்றிடம் அப்படி ஒன்று இல்லை.

## மூன்றாம் வழி: அரசு அலுவலகம்

மாவட்டத் திட்ட அலுவலர், அவருக்குக் கீழே வட்டார அளவில் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், பிறகு மேற்பார்வையாளர், அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளர். இந்த ஏணியில் ஒரு சுற்றறிக்கை மேலிருந்து கீழே இறங்கும்போது என்ன ஆகிறது என்பதை வேறு எங்கும் கற்க முடியாது. சென்னையில் அழகாக எழுதிய பரிந்துரை, ஒரு மேற்பார்வையாளரின் மேசையில் பதினேழாவது வேலையாகச் சேர்வதைப் பார்த்தவர், அடுத்த முறை பரிந்துரை எழுதும்போது அடக்கமாக எழுதுவார். 2021 முதல் பணியாளர்கள் கைபேசியில் 'போஷன் டிராக்கர்' என்ற ஊட்டச்சத்துக் கண்காணிப்புச் செயலியில் பிள்ளைகளின் விவரங்களைப் பதிவு செய்கிறார்கள். இணைப்பு கிடைக்காத மையத்தில் அந்தப் பதிவு எப்படி நடக்கிறது என்று ஒரு நாள் பார்த்தால், நாம் நம்பி மேற்கோள் காட்டும் எண்களைப் பற்றி ஆரோக்கியமான சந்தேகம் வரும்.

செலவு? பெரும்பாலும் காத்திருப்பு. அனுமதிக் கடிதத்துக்கே இரண்டு வாரம் போகலாம். தேர்தல் நேரமென்றால் பணியாளர்களில் பலர் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையில் இருப்பார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இராது. எழுதியதை வெளியே காட்ட முடியாது. அதிகாரி மாறினால் உங்கள் பயிற்சியும் அந்தரத்தில். ஆனால் அரசுப் பணித் தேர்வு எழுதப்போகிறவருக்கு இது மற்ற இரண்டையும் விடப் பயன்படும்.

நிதி ஆயோக் போன்ற தில்லிப் பயிற்சிகளை இதே தட்டில் வைத்துக் கேட்கிறார்கள். அங்கே உதவித்தொகை கிடையாது, குறைந்தது ஆறு வாரம் இருக்க வேண்டும், தில்லி வாடகை உங்கள் பொறுப்பு. குழந்தைப் பராமரிப்பே உங்களுக்குக் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. தன் விவரத்தாளில் ஒரு வரி வேண்டும் என்பவருக்கு மட்டும்.

## அருகருகே வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | கொள்கை அமைப்பு | காப்பகம் நடத்தும் அமைப்பு | அரசு அலுவலகம் |
|---|---|---|---|
| கையில் மிஞ்சும் ஆவணம் | குறிப்பு, ஒப்பீட்டு அட்டவணை, மனு வரைவு | நாட்குறிப்பு. நீங்களே எழுதினால் மட்டும் | பெரும்பாலும் கல்லூரி அறிக்கை மட்டுமே |
| வரைவைத் திருத்துபவர் | நல்ல அமைப்பில் உண்டு. முன்பே கேட்க வேண்டும் | அரிது | அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தது |
| பிள்ளைகளின் அருகில் | வாரத்தில் ஒரு நாள் கிடைத்தாலே அதிகம் | தினமும் | ஆய்வுப் பயணங்களில் |
| கைச்செலவு | அதிகம்; வெளியூர் என்றால் மிக அதிகம் | குறைவு | குறைவு |
| பெரிய ஆபத்து | தட்டச்சு, மொழிபெயர்ப்பு வேலையில் முடிவது | ஆள் பற்றாக்குறையை நிரப்புவது | அனுமதிக்காகக் காத்தே நாள் போவது |
| ஏற்ற காலம் | பேரவை மானியக் கோரிக்கைக் காலம் | ஆண்டு முழுவதும். மழைக்காலம் கடினம் | ஜூன் முதல். தேர்தல் காலம் தவிர்க்கவும் |

அட்டவணையைப் பார்த்துக் கூட்டல் கழித்தல் போட்டுவிடாதீர்கள். இரண்டாம் வரிசைக்குத் தனி எடை என்று முன்பே சொன்னேன்.

## யாருக்கு எது

ஒரு நாள்கூடக் காப்பகத்திலோ அங்கன்வாடியிலோ முழுப் பொழுது உட்கார்ந்ததில்லை என்றால், முதல் கோடைக்குக் காப்பகத்துக்குப் போங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பிள்ளைகளைப் பார்க்காமல் கொள்கை எழுதுபவர்கள் 'பயனாளி' என்ற சொல்லை அதிகம் பயன்படுத்துவார்கள். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

முதலாண்டுக் களப்பணியிலேயே அங்கன்வாடி, குடியிருப்புப் பகுதி என்று அலைந்தவர்களுக்குக் கொள்கை அமைப்பு நல்லது. அவர்களிடம் கேள்விகள் ஏற்கெனவே இருக்கும். அவற்றை ஆவணமாக்கும் கைப்பழக்கம்தான் வேண்டும். சட்டம், பொருளியல், இதழியல் மாணவர்களுக்கும் இதுவே. ஆனால் எட்டு வாரத்தில் ஒரு வாரத்தையாவது களத்துக்கு ஒதுக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

குடும்பச் சூழல் வெளியூர்ச் செலவைத் தாங்காது என்றால் அதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஊரில் காப்பகம், கூடவே கிராம சபை. மே 1 அன்று தமிழ்நாடு முழுவதும் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊராட்சியில் அங்கன்வாடிக் கட்டடமோ கழிப்பறையோ காப்பகமோ பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்ற வைப்பதும் முறையான கொள்கை வேலைதான். தீர்மானத்தின் வாசகத்தை எழுதி, தாய்மார்களிடம் படித்துக்காட்டி, தலைவரிடம் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதா என்று பார்ப்பது வரை எட்டு வாரத்துக்குள் முழுச் சுற்றும் முடிந்துவிடும். சென்னையில் அந்தச் சுற்று முடிய ஐந்து ஆண்டு ஆகும்.

## ஒப்புக்கொள்ளும் முன் அனுப்ப வேண்டிய கடிதம்

நேர்காணலில் அவர்கள் மட்டும்தான் கேள்வி கேட்க வேண்டும் என்ற சட்டம் இல்லை. மரியாதையாக, நாலு வரியில் எழுதுங்கள்: என் பொறுப்பாளர் யார், வாரத்தில் எத்தனை மணி நேரம் என் வரைவைப் பார்ப்பார்? நான் எழுதும் குறிப்பை யார் பயன்படுத்துவார்கள், அதில் என் பெயர் வருமா? களத்துக்கு எத்தனை நாள்? போக்குவரத்துச் செலவு உண்டா? கூடவே, அமைப்பில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டின் சட்டப்படி அது கட்டாயம்; அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு பயிற்சி மாணவர்களுக்கும் உண்டு. பெண்கள், குழந்தைகள் உரிமை பேசும் அமைப்பில்கூடச் சிலர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பே உங்களுக்குப் பதில்.

எனக்கு எழுதிய மாணவிக்கு வருவோம். அவர் முதலாண்டுக் களப்பணியை ஒரு மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவில் முடித்திருக்கிறார். அங்கன்வாடிக்குள் கால் வைத்ததில்லை. சென்னைச் செலவுக்கு அப்பா சங்கத்தில் கடன் வாங்குவதாக இருக்கிறாராம். நான் எழுதியது இது: ஏப்ரல் பாதியிலிருந்து ஆறு வாரம் ஊரிலேயே அந்தக் கட்டடத் தொழிலாளர் காப்பகம், தினம் ஒரு பக்கம். கடைசி இரண்டு வாரத்துக்கு, அந்தப் பக்கங்களை வைத்து ஒரு குறிப்பு எழுத உங்கள் அமைப்பில் இடம் தர முடியுமா என்று சென்னைக்கு ஒரு மின்னஞ்சல். சென்னையிலிருந்து பதில் வந்துவிட்டது. வரச் சொல்லியிருக்கிறார்கள், போக்குவரத்துச் செலவு மட்டும் தருவார்களாம். வரைவை யார் திருத்துவார் என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. அதற்கு இன்னொரு முறை எழுதச் சொல்லியிருக்கிறேன்.